நாய் நாற்றம் பிடித்த எதிலாவது புரண்டு வந்தால் எப்படிச் சுத்தம் செய்வது?

முதலில் தண்ணீர்க் குழாயை மூடுங்கள். நாயைக் குளியலறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டுதான் இதைக் கேட்டிருப்பீர்கள். நானும் அப்படித்தான் தவறு செய்தேன்.

எங்கள் வீடு கொழும்பு வெள்ளவத்தையில், தொடர்மாடியின் நான்காம் மாடியில். மரைன் டிரைவையும் ரயில் பாதையையும் தாண்டினால் கடற்கரை. ஒரு ஞாயிறு காலை, கரையொதுங்கி அழுகிக் கிடந்த மீன் மேல் எங்கள் ஜிம்மி கழுத்தைத் தேய்த்துத் தேய்த்துப் புரண்டான். வீட்டுக்கு வந்ததும் இரண்டு வாளித் தண்ணீரை ஊற்றினேன். கழுத்தில் மட்டும் இருந்த பிசுக்கு வால்வரை பரவியது. சவர்க்காரம் போட்டு மூன்று தடவை தேய்த்தேன். உடம்பு காய்ந்ததும் அதே நாற்றம். ஆத்திரத்தில் கை ஓங்கிவிட்டேன். ஒரு வாரம் அவன் குளியலறைப் பக்கமே வரவில்லை. தயவுசெய்து அடிக்காதீர்கள்.

அம்மாதான் வழி சொன்னார். மீன் வெட்டிய கையில் தேசிக்காய் தேய்ப்பதில்லையா? மீன் நாற்றத்தைத் தரும் ட்ரைமெத்தில் அமீன் என்ற சேர்மம் ஒரு காரம், அதாவது அமிலத்துக்கு எதிரானது. புளிப்பில் உள்ள அமிலம் பட்டால் ஆவியாகாத உப்பாகிவிடும். முதலில் பழந்துணியாலும் கடதாசியாலும் உலர்ந்தபடியே வழித்தெடுங்கள். பிறகு ஒரு பங்கு வினாகிரிக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து, கண்ணிலும் புண்ணிலும் படாமல் துணியால் ஒற்றுங்கள். ஐந்து நிமிடம் கழித்து நாய் ஷாம்பூவால் கழுவுங்கள். மீனைத் தின்றும் இருந்தால், அதுவும் பேத்தை மீன் என்றால், குளிப்பாட்டுவதை விட்டுவிட்டு மிருக வைத்தியரிடம் ஓடுங்கள். அதன் நஞ்சு கொல்லக்கூடியது.

ஹைட்ரஜன் பெராக்சைடும் அப்பச்சோடாவும் ஏன் சொல்லவில்லை என்று சிலர் கேட்பார்கள். அது ஸ்கங்க் என்ற அமெரிக்க விலங்கு பீய்ச்சும் கந்தகச் சேர்மங்களுக்கான கலவை. அந்த விலங்கு இலங்கையில் இல்லை. கலந்ததைப் போத்தலில் அடைத்தால் வாயு சேர்ந்து வெடிக்கும். நாயின் மயிரும் வெளிறும். தெரிந்தேதான் விட்டேன்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அன்று எங்களை லிப்டில் ஏற விடவில்லை. நாற்றம் என்றார்கள், ஒப்புக்கொண்டு அவனைத் தூக்கியபடி நான்கு மாடி ஏறினேன். ஆனால் குளித்துக் காய்ந்த பிறகும் விடவில்லை, இன்றுவரை விடவில்லை. அதே லிப்டில் பெட்டி பெட்டியாகக் கருவாடு போகிறது. ஜிம்மிக்கு இப்போது பதினொரு வயது, பின்னங்காலில் வலி. ஒவ்வொரு மாடியிலும் படுத்து எழும்பித்தான் வீடு வந்து சேர்கிறான்.