மேயர் விருந்துக்கு எந்த ஒயின்? அரசாங்கங்கள் வாங்கும் முறையில் ஒரு பதில்

கேள்வி: இங்கிலாந்தின் தென்கிழக்கில் ஒரு நகராட்சி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் இரட்டை நகரம் (நட்புறவு ஒப்பந்தம் செய்துகொண்ட நகரம்) பிரான்சில், லுவார் ஆற்றங்கரையில் இருக்கிறது. அங்கிருந்து வரும் குழுவுக்கு மேயர் விருந்து கொடுக்கிறார். மொத்தம் 120 பேர். ஒயின் வாங்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். நான் மது அருந்தும் பழக்கம் இல்லாதவன். முதலில் ட்ரௌட் மீன், அடுத்து ஆட்டிறைச்சி, சைவர்களுக்குக் காளான் பை (மாவில் பொதிந்து சுட்டது). ஒயினுக்கும் மற்ற பானங்களுக்கும் சேர்த்து 1,500 பவுண்ட். அரசாங்கங்கள் தங்கள் விருந்துகளுக்கு எதைப் பார்த்து ஒயின் வாங்குகின்றன? அந்த முறை எங்களைப் போன்ற சிறிய இடத்துக்கும் பொருந்துமா?

பதில்: பொருந்தும். நீங்கள் குடிப்பதில்லை என்பது இந்த வேலைக்குத் தடையே அல்ல. பிரிட்டிஷ் அரசில் ஒயினைத் தேர்ந்தெடுப்பது அமைச்சர்களும் அல்ல, அவர்களுடைய செயலாளர்களும் அல்ல. அரசின் ஒயின் நிலவறை 1922 முதல் இருந்து வருகிறது. லண்டனில் லங்காஸ்டர் மாளிகையின் அடியில் 30,000-க்கும் மேற்பட்ட பாட்டில்கள் இருக்கின்றன. எதை வாங்குவது, எதை இப்போது திறப்பது, எதை இன்னும் சில ஆண்டுகள் விட்டுவைப்பது என்று ஆலோசனை சொல்ல ஒரு குழு உண்டு. ஓய்வுபெற்ற மூத்த தூதர் ஒருவர் தலைவர். மற்றவர்கள் ‘மாஸ்டர் ஆஃப் ஒயின்’ என்ற கடினமான தேர்வில் தேறியவர்கள். இவர்களுக்குச் சம்பளம் கிடையாது. வணிகர்கள் தரும் மாதிரிகளைச் சுவைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

உங்கள் அலுவலகத்திலும் இதைச் செய்யலாம். ஒயின் ஓரளவு தெரிந்த மூன்று பேரைப் பிடியுங்கள். பாட்டிலைக் காகிதத்தில் சுற்றி, பெயரும் விலையும் தெரியாமல் ஊற்றிக் கொடுங்கள். ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுதித் தரட்டும். பேசிக்கொண்டே சுவைத்தால் குரல் ஓங்கியவரின் விருப்பமே எல்லோருடைய விருப்பமாகிவிடும். விருந்தின் சமையலையும் அன்றே கொஞ்சம் செய்து வைக்க முடிந்தால் நல்லது. தனியாகக் குடிக்கும்போது கவர்கிற ஒயின் ஆட்டிறைச்சியோடு சோடை போவதும், தனியாகக் குடிக்கும்போது துவர்த்த ஒயின் அதே இறைச்சியோடு இனிமையாக மாறுவதும் அடிக்கடி நடக்கும்.

எதை முதலில் பார்க்க வேண்டும் என்பதற்கு வருவோம். விருந்தாளி யார், விருந்து கொடுப்பவர் யார், இந்த இரண்டையும்தான் அரசாங்கங்கள் முதலில் பார்க்கின்றன. விலையும் பெயரும் அதற்குப் பிறகுதான். பிரெஞ்சு அதிபர் மாளிகையான எலிசேயில் பிரெஞ்சு ஒயின் மட்டுமே. வெள்ளை மாளிகையில் 1960-களில் லிண்டன் ஜான்சன் காலத்திலிருந்து அமெரிக்க ஒயின் என்பது வழக்கம். 1972-இல் நிக்சன் பீஜிங் சென்றபோது சீனப் பிரதமர் சூ என்லாயுடன் உயர்த்திய கோப்பையில் இருந்தது கலிபோர்னியாவின் ஷ்ராம்ஸ்பர்க் ஸ்பார்க்லிங் ஒயின், அதாவது நுரை பொங்கும் ஒயின். அமெரிக்க ஒயினை உலகம் அதிகம் மதிக்காத காலம் அது. ஷாம்பெயின் கொண்டுபோயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அந்த மேசையில் அமெரிக்காவின் பொருள் என்று எதுவும் இருந்திருக்காது.

சொந்த நாட்டு ஒயினை வைத்துக்கொண்டே விருந்தாளியை நோக்கி ஓர் அடி எடுத்து வைக்கவும் முடியும். 2023 ஜூனில் பிரதமர் மோடிக்கு வெள்ளை மாளிகையில் நடந்த விருந்தில் சிவப்பு ஒயின் நாபா பள்ளத்தாக்கின் ‘பட்டேல்’ ரெட் பிளெண்ட் (பல திராட்சை வகைகள் கலந்தது). கலிபோர்னியாவில் விளைந்தது, இந்திய வம்சாவளியினர் ஒருவர் நடத்தும் நிறுவனத்துடையது. மோடி மது அருந்துவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் பட்டியலில் அந்தப் பெயர் இருந்தது. 2025 செப்டம்பரில் வின்சர் கோட்டையில் டிரம்ப்புக்கு மன்னர் கொடுத்த விருந்திலும் இதே கதைதான். டிரம்ப் 45-ஆவது அதிபராகவும் இருந்தவர் என்பதற்காக 1945-ஆம் ஆண்டின் போர்ட் (போர்த்துகலின் இனிப்பு ஒயின்). ஸ்காட்லாந்தில் பிறந்த அவருடைய தாயாரின் பிறந்த ஆண்டான 1912-இன் கோன்யாக் (பிரெஞ்சு பிராந்தி). டிரம்ப்பும் மதுவைத் தொடாதவர். குடிக்காத விருந்தாளிக்கும் இவ்வளவு யோசித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதை நான் மிகவும் மதிக்கிறேன். பட்டியலைப் படிக்கும் ஒவ்வொருவருக்கும் அது சொல்லும் செய்தி உண்டு. (அரச குடும்பத்தின் ஒயின் நிலவறை வேறு, லங்காஸ்டர் மாளிகையில் உள்ள அரசின் நிலவறை வேறு. செய்திகளில் இரண்டையும் குழப்பிவிடுகிறார்கள்.)

பிரிட்டிஷ் அரசு உள்நாட்டு ஒயின், வெளிநாட்டு ஒயின் இரண்டையும் கலந்தே வைக்கிறது. ஆனால் இப்போது அரசு விருந்துகளில் செலவாகும் ஒயினில் கணிசமான பகுதி இங்கிலாந்து, வேல்ஸ் ஒயின்கள். இதில் தேசப் பற்று மட்டும் இல்லை. சசெக்ஸ், கென்ட், ஹாம்ப்ஷயர் பகுதிகளின் சுண்ணாம்பு நிலம் பிரான்சின் ஷாம்பெயின் பகுதியின் நிலத்தை ஒத்தது. ஷார்டொனே, பினோ நுவார், பினோ மூனியே என்று அதே திராட்சைகள். பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்க வைக்கும் அதே செய்முறை. 1988-இல் சசெக்ஸில் நைடிம்பர் தோட்டத்தார் இந்தத் திராட்சைகளை நட்டபோது நம்பியவர்கள் குறைவு. இன்று அரசு விருந்துகளில் வரவேற்புக் கோப்பை பெரும்பாலும் இங்கிலாந்து ஸ்பார்க்லிங்தான்.

நீங்கள் இருப்பதும் அந்தப் பகுதியில்தான். ஆகவே வரவேற்புக்கும் வாழ்த்துக் கோப்பைக்கும் உங்கள் மாவட்டத்தில் விளைந்த ஸ்பார்க்லிங் ஒயினை வையுங்கள். பிரெஞ்சுக்காரர்கள் முன்னால் இதை வைக்கத் தயங்க வேண்டாம். அவர்கள் ஊரில் ஷாம்பெயின் வேண்டிய அளவு கிடைக்கும். கென்ட்டின் ஒயின் கிடைக்காது. ட்ரௌட்டுக்கு பாக்கஸ் திராட்சையில் செய்த உள்ளூர் வெள்ளை ஒயின். மெல்லிய புளிப்பும் பூ வாசமும் உள்ளது; ஆற்றுமீனுக்கு இதைவிடப் பொருத்தமானதை இந்த நாட்டில் தேடுவது கடினம். சிவப்பில் மட்டும் விருந்தாளிகளின் பக்கம் போய்விடுங்கள். இங்கிலாந்தின் சிவப்பு ஒயின்களில் நல்லவை உண்டு, ஆனால் அளவு குறைவு, விலை அதிகம். லுவார் பகுதியின் ஷினோன் அல்லது சோமூர்-ஷாம்பினி ஆட்டிறைச்சிக்கும் காளானுக்கும் ஒருங்கே ஒத்துப்போகும். காபர்னே ஃபிராங்க் திராட்சை, துவர்ப்பு மிதம். எந்தத் தோட்டத்துடையது என்று அந்த நகராட்சியின் வரவேற்புப் பிரிவுக்கே ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். கேட்பதே ஒரு மரியாதை; அதோடு அவர்களுக்கு ஆகாத பெயர் எதையும் தவறி வாங்கிவிடாமலும் இருப்பீர்கள்.

பிரான்சின் போர்தோ பகுதியின் புகழ்பெற்ற ஒயின்கள் வேண்டாமா என்று யாராவது நிச்சயம் கேட்பார்கள். அரசின் நிலவறையில் அவை இருக்கின்றன என்பது உண்மை. ஆனால் அவற்றை அரசு வாங்கிய விதம் வேறு. போர்தோவில் அறுவடைக்கு அடுத்த வசந்தத்திலேயே, ஒயின் இன்னும் பீப்பாயில் இருக்கும்போதே விற்பனை தொடங்கிவிடும். இளம் ஒயினை அன்றைய விலையில் வாங்கிப் பத்து, இருபது ஆண்டுகள் வைத்திருந்து திறப்பதுதான் பழைய முறை. இன்று கடையில் போய் முதிர்ந்த பாட்டிலை வாங்கினால் அந்த லாபம் முழுவதும் இன்னொருவருக்குப் போகும். அரசே கூட A1, A, B, C என்று தரம் பிரித்து, மிக உயர்ந்த தரமான A1-ஐ மிக அரிதாகவே வெளியே எடுக்கிறது. விலை ஏறிப்போன பாட்டில்கள் சிலவற்றை விற்று, அந்தப் பணத்தில் புதியவற்றை வாங்கி, நிலவறை தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 2011-இல் முடிவு செய்தார்கள். பிரான்சும் இதைச் செய்தது. 2013 மே மாதம் எலிசே நிலவறையின் 1,200 பாட்டில்கள் பாரிஸில் ஏலம் போயின. போர்தோவின் புகழ்பெற்ற ஒயினான பெத்ரூஸ், 1990-ஆம் ஆண்டினது, ஒரு பாட்டில் 7,625 யூரோ. மொத்தம் ஏழு லட்சம் யூரோவுக்கு மேல் கிடைத்தது. எளிய ஒயின்கள் வாங்க ஒரு பகுதி, மீதி அரசுக் கருவூலத்துக்கு. பொதுப்பணத்தில் வாங்கிய ஒயினை அப்படித்தான் நடத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இனி அளவு. 120 பேரில் நால்வரில் ஒருவர் குடிக்கமாட்டார் என்று வைத்துக்கொண்டு 90 பேருக்குக் கணக்குப் போடுங்கள். அழைப்பிதழுக்குப் பதில் வரும்போது இந்த எண்ணைத் திருத்திக்கொள்ளலாம். வரவேற்புக்கு ஆளுக்கு 125 மில்லி என்றால் 15 பாட்டில். வாழ்த்துரைக்கு 75 மில்லி போதும்; 9 பாட்டில். ஆக ஸ்பார்க்லிங் 24. சாப்பாட்டோடு ஆளுக்கு அரை பாட்டில்: வெள்ளை 18, சிவப்பு 27. ஆறு பாட்டில் பெட்டிக் கணக்கில் சிவப்பை 30 ஆக்கிவிடுங்கள். ஸ்பார்க்லிங் 26 பவுண்ட், பாக்கஸ் 15, ஷினோன் 14 என்ற அளவில் பேசி முடித்தால் 1,314 பவுண்ட் ஆகும். மதிப்புக்கூட்டு வரி உள்ளே இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். மொத்த வணிகர்கள் வரி சேர்க்காத விலையைச் சொல்வது வழக்கம். வரி தனி என்றால் ஒதுக்கிய தொகையைத் தாண்டிவிடும்.

மிச்சம் 186 பவுண்டை மது அல்லாத பானங்களுக்குச் செலவிடுங்கள். இதில் கஞ்சத்தனம் கூடாது. ஒயின் குடிப்பவருக்கு மூன்று வகை கொடுத்துவிட்டு, குடிக்காதவருக்குக் குடத்தில் ஆரஞ்சுச் சாறு வைப்பது விருந்தோம்பல் ஆகாது. கென்ட் ஆப்பிள் நாடு; அங்கே ஒரே வகை ஆப்பிளிலிருந்து பிழிந்த நல்ல சாறுகள் கிடைக்கின்றன. அதே கண்ணாடிக் கோப்பையில், அதே நேரத்தில், அதே பரிமாறுபவர் ஊற்றட்டும். வாழ்த்துரையின்போது கையில் வெறும் கோப்பையோடு ஒருவர்கூட நிற்கக் கூடாது.

சைவ விருந்தினர்கள் இருப்பதால் இன்னொன்றையும் கேட்டாக வேண்டும். கலங்கலைத் தெளியவைக்கச் சில ஒயின்களில் முட்டையின் வெள்ளைக்கரு, பாலின் கேசின், ஜெலட்டின், மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஐசிங்கிளாஸ் ஆகியவற்றைப் பயன்படுத்துகிறார்கள். அவை பிறகு வடிந்துவிடும் என்றாலும் பலருக்கு அது ஏற்புடையது அல்ல. முட்டையும் பாலும் எஞ்சியிருந்தால் லேபிளில் சொல்ல வேண்டும். ஐசிங்கிளாஸைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. எனவே லேபிளை நம்பாமல் வணிகரிடம் எழுத்தில் கேளுங்கள். பெண்டனைட் என்ற களிமண்ணால் தெளியவைத்த ஒயின்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. மூன்றையும் அந்த வகையிலேயே வாங்கிவிட்டால் மேசைக்கு மேசை விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது.

பதிவுகளை ஒழுங்காக வையுங்கள். பிரிட்டிஷ் அரசு தன் நிலவறையில் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு செலவானது என்று அறிக்கை வெளியிடுகிறது. உங்கள் நகராட்சியும் 2000-ஆம் ஆண்டின் தகவல் சுதந்திரச் சட்டத்துக்கு உட்பட்டதுதான். யாரிடம் விலை கேட்டீர்கள், யார் சுவைத்தார்கள், ஏன் இதைத் தேர்ந்தீர்கள், எத்தனை திறந்தீர்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதி வைத்தால், நாளை உள்ளூர்ப் பத்திரிகை கேட்டாலும் அப்படியே கொடுத்துவிடலாம்.

வணிகரோடு பேசும்போது திறக்காத பாட்டில்களைத் திருப்பி எடுத்துக்கொள்ள ஒப்புக்கொள்கிறாரா என்று கேளுங்கள், பலர் ஒப்புக்கொள்வார்கள். பனிக்கட்டி நீரில் வைத்து லேபிள் கழன்ற பாட்டிலைத் திரும்ப வாங்கமாட்டார்கள், ஆகையால் தேவைக்கேற்பத்தான் குளிரவைக்க வேண்டும். உள்ளூர்த் தோட்டங்களின் உற்பத்தி சிறியது. ஒரே அறுவடை ஆண்டில் 24 பாட்டில் வேண்டும் என்றால் இப்போதே முன்பதிவு செய்துவிடுங்கள்.