பிரேக் டிரம் அரை அங்குலம் வந்து சிக்கினால் ஷூவைத்தான் உள்ளே இழுக்க வேண்டும்

சுத்தியலைக் கீழே வையுங்கள். பின்சக்கர பிரேக் டிரம்மைக் கழற்றப் பார்த்தால், அது கையால் சுற்றுகிறது, அரை அங்குலம் வெளியே வந்து நின்றுவிடுகிறது என்கிறீர்கள். அப்படியானால் துரு அல்ல. ஷூ (டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிரேக் பிடிக்கும் வளைந்த பாகம்) தேய்த்துத் தேய்த்து டிரம்மின் உள்விளிம்பில் ஒரு வரம்பு எழும்பியிருக்கும், ஷூ அதில் மாட்டுகிறது. துருவாக இருந்தால் டிரம் வெளியே அசையவே அசையாது.

முன்சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்து, வண்டி ஸ்டாண்டில் உறுதியாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டு ஹேண்ட்பிரேக்கை முழுதாக விடுங்கள். டிரம்முக்குப் பின்னால் இருக்கும் தகட்டில் ரப்பர் மூடி போட்ட சிறு துளை இருக்கிறதா? (சில வண்டிகளில் அது டிரம்மின் முகத்தில் இருக்கும்.) அதன் வழியாக மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் அட்ஜஸ்டரின் (ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்யும் பாகம்) நெம்பியைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, ஷூ உள்ளே போகும்படி இன்னொன்றால் அதன் பல்சக்கரத்தைச் சுற்றுங்கள். நெம்பியைத் தள்ளாவிட்டால் பல்சக்கரம் ஒரு பக்கம் மட்டுமே சுற்றும். பலரும் தடுமாறுவது இங்கேதான். சரியான திசையில் போனால் டிரம் இன்னும் லேசாகச் சுழலும். இறுகினால் மறுபக்கம் திருப்புங்கள்.

கழன்றதும் உள்ளே இருக்கும் தூளை ஊதாதீர்கள், காற்றடிக்கவும் வேண்டாம். பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பிரேக் கிளீனர் தெளித்து ஈரத்துணியால் துடையுங்கள்.

அப்புறம், ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொடுங்கள். எந்த ஸ்பிரிங் எந்தத் துளையில் என்று குழம்பும்போது, பிரிக்காத பக்கம்தான் வரைபடம். டிரம்மின் உள்விட்டத்தையும் அளந்து, அதில் பொறித்திருக்கும் அதிகபட்ச விட்டத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்; அதைத் தாண்டியிருந்தால் கடைசல் பிடிக்கக் கொடுக்காதீர்கள், புதிதுதான் வாங்க வேண்டும்.