கேம் துறையில் இன்டர்ன்ஷிப்: பாதியில் நிற்கும் ஐந்து புராஜெக்ட் போதுமா?

கேம் உருவாக்கும் மென்பொருளான யூனிட்டி ஓரளவு தெரியும், பாதியில் நிற்கும் கேம் ஐந்து இருக்கிறது, விண்ணப்பிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் ஒன்றையாவது முடியுங்கள். 3 நிமிட ஆட்டமாக இருந்தாலும் மெனு, ஒலி, தோற்றால் மீண்டும் தொடங்கும் வசதி எல்லாம் இருக்கட்டும். வேலையை முடிப்பவர் என்பதற்கு அதுதான் சாட்சி.

சிறு கேம்களை வெளியிட உதவும் இட்ச்.ஐஓ தளத்தில் பிரவுசரிலேயே ஓடும்படி ஏற்றுங்கள். டவுன்லோட் செய்து பார்க்கப் பலருக்கும் நேரம் இருக்காது. ஏற்றியபின் ‘ஃப்ரேம்வொர்க்’ கோப்பைப் படிக்க முடியவில்லை என்று பிழை வந்தால், பெரும்பாலும் கோப்புகளைச் சுருக்கும் கம்ப்ரெஷன்தான் காரணம். யூனிட்டியின் பப்ளிஷிங் செட்டிங்ஸில் ‘டிகம்ப்ரெஷன் ஃபால்பேக்’கை டிக் செய்து மறுபடி பில்டு எடுங்கள்.

கேமின் நிரலை (கோட்), நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் வையுங்கள், யூனிட்டி தானே உருவாக்கும் ‘லைப்ரரி’ ஃபோல்டர் இல்லாமல். 100 எம்பிக்கு மேற்பட்ட கோப்பை கிட்ஹப் ஏற்காது.

குழுவாகச் செய்ததென்றால் உங்கள் பங்கு எது என்று தெளிவாக எழுதுங்கள். நேர்காணலில் அதைத்தான் துருவுவார்கள்.