கொடி கட்டிய தெருவில் குடியிருப்பது

தங்கச்சி, டெக்சாஸ் மாநிலத்துச் சான் ஆன்டோனியோவுக்கு வந்து நாலு மாதம்தான் ஆகிறது என்று எழுதியிருந்தீர்கள். தெருவில் வீட்டுக்கு வீடு அமெரிக்கக் கொடி. கடையில் சீருடைக்காரர் ஒருவர் வரிசையில் நின்றால் முன்பின் தெரியாதவர்கள் போய் நன்றி சொல்கிறார்கள். டிவியில் போர்ச் செய்தி ஓடினால் ஆபீசில் யாரிடம் என்ன பேசுவது என்று தெரியவில்லை. இதற்கு நடுவே பதினைந்து வயது மகன் பள்ளியில் ஜேஆர்ஓடிசி என்கிற ராணுவப் பயிற்சி வகுப்பில் சேரவேண்டும் என்று அடம்பிடிக்கிறான். "இவர்கள் எல்லாம் போர் வேண்டும் என்கிறவர்களா அக்கா? நாம் எப்படி நடந்துகொள்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் இந்த ஊருக்கு வந்தது 2000 ஜனவரியில். முதல் நாலைந்து வருடம் நானும் இதைத் தப்பாகத்தான் புரிந்துகொண்டிருந்தேன்.

முதலில் ஊரைத் தெரிந்துகொள்ளுங்கள். இது பட்டாளத்து ஊர். ஃபோர்ட் சாம் ஹூஸ்டன், லாக்லாந்து, ராண்டால்ஃப் என்று மூன்று தளங்கள் ஊரைச் சுற்றி இருக்கின்றன. அமெரிக்க விமானப்படையில் சிப்பாயாகச் சேரும் ஒவ்வொரு பையனுக்கும் பெண்ணுக்கும் அடிப்படைப் பயிற்சி லாக்லாந்தில்தான். பயிற்சி முடிந்த வார இறுதியில் ரிவர் வாக் என்கிற ஆற்றங்கரை நடைபாதைப் பக்கம் போய்ப் பாருங்கள். மொட்டை அடித்த மாதிரி முடி வெட்டிய பதினெட்டு வயதுப் பிள்ளைகள் புதுச் சீருடையில் விறைப்பாக நடப்பார்கள். பக்கத்தில் அம்மா ஐஸ்கிரீமை வைத்துக்கொண்டு அழுதபடி சிரிப்பார். எனக்கு வேலூர் பக்கம். கம்மவான்பேட்டையில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருப்பார் என்பார்கள். அங்கே போய் எல்லைச் சண்டையைப் பற்றி வாய்க்கு வந்ததைப் பேசமாட்டோம் இல்லையா? இங்கேயும் அப்படித்தான். நீங்கள் தெருவில் பார்க்கும் நாட்டுப்பற்றில் பாதி, அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பற்றிய கவலை.

மீதிப் பாதியில் சிக்கல் உண்டு. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

2001 செப்டம்பர் 11 நடந்து நாலாவது நாள், அரிசோனா மாநிலம் மேசாவில் பெட்ரோல் பங்க் வைத்திருந்த பல்பீர் சிங் சோதி என்ற சீக்கியரைத் தலைப்பாகையைப் பார்த்துவிட்டுச் சுட்டுக் கொன்றான் ஒருவன். அந்தச் செய்தியைப் படித்த அன்றே என் கணவர் தாடியை எடுத்தார். நான் கடை கடையாய் ஏறிக் கொடி தேடினேன், எங்கேயும் தீர்ந்துவிட்டது. கடைசியில் கார் ஜன்னலில் செருகுகிற சின்னக் கொடி ஒன்று கிடைத்தது. தங்கச்சி, அது பயத்தில் வாங்கிய கொடி. அதில் பற்று ஒன்றும் கிடையாது.

எதிர்வீட்டுப் பெரியவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். வியட்நாமுக்குப் போய் வந்தவர், ஞாயிறு தவறாமல் சர்ச், வாழ்நாள் முழுக்க ரிபப்ளிகன். ஒருநாள் சாயங்காலம் பெரிய கொடி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். காரில் கட்டியது நெடுஞ்சாலைக் காற்றில் கிழிந்துபோகும், கிழிந்த கொடியோடு ஓட்டுவது மரியாதை இல்லை, வீட்டில் கட்டு என்றார். இருட்டினால் இறக்க வேண்டும், இல்லையென்றால் அதன்மேல் விளக்கு போட வேண்டும், தரையில் படக்கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். என் மகனுக்கு அப்போது பதினொரு வயது. அவனை ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி, நீளவாக்கில் இரண்டு மடிப்பு, பிறகு கோடு போட்ட முனையிலிருந்து முக்கோணம் முக்கோணமாக மடித்துக்கொண்டே போய், கடைசியில் நட்சத்திரம் மட்டும் வெளியே தெரிகிற மாதிரி செருகினார். சமோசா மாதிரி இருக்கிறது என்று பையன் சொன்னபோது அவரும் சிரித்துவிட்டார்.

2003 வசந்தத்தில் ஈராக் போர் தொடங்கியது. அப்போதைய சூடு உங்களுக்குத் தெரியாது. பிரான்ஸ் போரை எதிர்த்தது என்பதற்காக, நாடாளுமன்ற கேன்டீனில் ஃபிரெஞ்சு ஃபிரைஸ் பெயரையே ‘சுதந்திர’ ஃபிரைஸ் என்று மாற்றினார்கள். அதிபர் புஷ் எங்கள் மாநிலத்துக்காரர் என்பதற்கு வெட்கப்படுகிறோம் என்று டெக்சாஸ் பாடகி ஒருவர் லண்டன் மேடையில் சொன்னதற்கு, அவர் குழுவின் பாட்டை ரேடியோக்காரர்கள் நிறுத்தினார்கள். லூசியானாவில் சிடிக்களை டிராக்டர் ஏற்றி நசுக்கினார்கள். நான் அந்த நேரம் பார்த்து, எங்கள் தெருப் பாட்லக் விருந்தில் தயிர்சாதக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்தப் போருக்குக் காரணமே இல்லை" என்று சொல்லிவிட்டேன். மேஜையில் பேச்சு நின்றுவிட்டது. எதிரே உட்கார்ந்திருந்த அம்மாவின் மகன் அன்றைக்குக் குவைத் எல்லையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தான் என்பது பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் காலை பெரியவர் வந்தார். திட்ட வருகிறார் என்று நினைத்தேன். அவர் சொன்னது வேறு. வியட்நாமிலிருந்து திரும்பியபோது விமான நிலையக் கழிவறையிலேயே சீருடையைக் கழற்றிவிட்டு வெளியே வந்தவராம். போர் மேல் இருந்த கோபத்தைச் சனங்கள் தங்கள் மேல் காட்டினார்கள் என்றார். "போர் தப்பு என்று சொல், அது உன் உரிமை. ஆனால் யார் வீட்டுப் பிள்ளை எங்கே இருக்கிறான் என்று முதலில் கேட்டுவிட்டுச் சொல்." இன்றைக்கு வரை நான் கடைப்பிடிப்பது அதைத்தான். நீங்களும் ஆபீசில் அப்படியே செய்யுங்கள்.

2004-இல் அவர் மகனே ஃபோர்ட் ஹூடிலிருந்து பாக்தாதுக்குப் போனான். ஜன்னலில் நீல நட்சத்திரத் துணி ஒன்று தொங்கியது; பிள்ளை போர்க்களத்தில் இருக்கிறான் என்று அதற்கு அர்த்தம். பிள்ளை இறந்துவிட்டால் நட்சத்திரம் தங்க நிறமாகும். நவம்பரில் பெரியவர் புஷ்ஷுக்குத்தான் ஓட்டுப் போட்டார். பிப்ரவரியில் சாலையோரக் குண்டு வெடித்து மகனின் இடது கால் முழங்காலுக்குக் கீழே போனது. இதே ஊரில், புரூக் ராணுவ மருத்துவமனையில்தான் மாதக்கணக்காக இருந்தான். நான் ரசம் வைத்து எடுத்துப்போவேன். அவனுக்கு அது மிளகு சூப்.

அதற்கப்புறம் அந்தத் தோட்டத்தில் தேர்தல் பலகை ஊன்றியதை நான் பார்க்கவில்லை. ஆனால் பேசினார். 2008 கட்சி முன்தேர்தலில் டெக்சாஸ்காரரான ரான் பாலுக்கு ஓட்டு. ஈராக் போருக்கு அனுமதி தரும் தீர்மானத்தை 2002 அக்டோபரில் எதிர்த்து வாக்களித்த ரிபப்ளிகன் பிரதிநிதிகள் மொத்தமே 6 பேர். அவர்களில் ரான் பாலும் ஒருவர். அரசாங்கம் சின்னதாக இருக்கவேண்டும், வரியைக் குறைக்கவேண்டும் என்று சொல்லும் கட்சி, இருக்கிறதிலேயே பெரிய அரசாங்க வேலையான போரை மட்டும் ஏன் கணக்கே பார்க்காமல் நடத்துகிறது என்று கேட்பார். 2016-இல் தென் கரோலினா விவாத மேடையில் ஈராக் போர் பெரிய தவறு என்று டிரம்ப் சொன்னபோது, அரங்கத்தில் சிலர் கூச்சல் போட்டார்கள். ஓட்டு டிரம்புக்குத்தான் என்று எங்கள் எதிர்வீட்டில் அன்றைக்கே முடிவாகிவிட்டது. குடியேறிகளைப் பற்றி டிரம்ப் சொன்னதை வைத்துப் பெரியவரோடு நான் சண்டை போட்டேன், அது தனிக் கதை. கன்சர்வேட்டிவ் என்றால் போர் ஆதரவாளர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள் என்பதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன். பிள்ளையை அனுப்பிய வீடுகளில் போரைப் பற்றிச் சத்தம் குறைவு. படைவீரர்களுக்கு ஆதரவு என்று கார் பம்பரில் ரிப்பன் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு அத்தோடு மறந்தவர்களிடம்தான் வீராப்பு அதிகம். இது என் கணிப்பு, எல்லோருக்கும் பொருந்தாது.

சரி, உங்கள் மகன் விஷயம்.

கட்டாய ராணுவ சேவை இங்கே 1973-இலேயே நின்றுவிட்டது. ஜேஆர்ஓடிசி சேர்ந்தால் பட்டாளத்துக்குப் போயே தீரவேண்டும் என்று எதுவும் இல்லை. அணிவகுப்பு, ஷூ பாலிஷ், நேரத்துக்கு எழுவது, இவ்வளவுதான். உங்களுடைய விசாவில் இருக்கும் பிள்ளை படையில் சேரவும் முடியாது. கிரீன் கார்டாவது வேண்டும். நடுவில் மாவ்னி என்று ஒரு திட்டம் இருந்தது. தேவையான மொழி தெரிந்த விசாக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு சீக்கிரம் குடியுரிமை கொடுத்தார்கள். அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. 2016-இல் அதை நிறுத்திவிட்டார்கள்.

ஆனால் பதினெட்டிலிருந்து இருபத்தைந்து வயதுக்குள் கிரீன் கார்டு கையில் வந்தால், ஆண் பிள்ளையின் பெயர் செலக்டிவ் சர்வீசில், அதாவது கட்டாய ராணுவ சேவை மறுபடி வந்தால் ஆள் கூப்பிடுவதற்கான அரசாங்கப் பட்டியலில், பதிவாகியிருக்க வேண்டும். எங்கள் பையனுக்கு 2008-இல் தபால் ஆபீசில் அட்டை வாங்கி நிரப்பினோம். இதைக் கோட்டைவிட்டுவிட்டுக் குடியுரிமை விண்ணப்பத்தில் மாட்டிக்கொண்ட குடும்பங்களை எனக்குத் தெரியும்.

இன்னொன்று, ஆள் சேர்ப்பவர்களின் போன். 2002-இல் கையெழுத்தான கல்விச் சட்டத்தில் ஒரு விதி உண்டு. ராணுவம் கேட்டால் உயர்நிலைப் பள்ளிகள் மாணவர்களின் பெயர், முகவரி, போன் நம்பரைக் கொடுக்கவேண்டும். வேண்டாம் என்று பெற்றோர் எழுதிக் கொடுக்கலாம். நாங்கள் எழுதிக் கொடுத்தோம், பள்ளியில் அதைத் தொலைத்துவிட்டார்கள், வாரம் மூன்று போன் வந்தது. பேசுகிறவர்கள் மரியாதையாகத்தான் பேசுவார்கள். கல்லூரிக் கட்டணம் முழுதும் அரசாங்கம் கட்டும் என்பார்கள், அது பெரும்பாலும் உண்மையும்கூட. என் மகனின் நண்பர்களில் படைக்குப் போன மூன்று பேரும் கல்லூரிக் கட்டணத்துக்கு வழி இல்லாத வீட்டுப் பிள்ளைகள். நாட்டுப்பற்றைப் பற்றிப் பேசும்போது இதை யாரும் சொல்வதில்லை.

காலையில் பள்ளியில் அமெரிக்கக் கொடிக்கும் டெக்சாஸ் கொடிக்கும் உறுதிமொழி சொல்வார்கள். மகனுக்கு விருப்பம் இல்லையென்றால் நீங்கள் எழுதிக் கொடுத்தால் போதும். மாணவர்களைக் கொடி வணக்கம் செய்யச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1943-இலேயே, அதுவும் உலகப் போரின் நடுவில், தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஸ்டேடியத்தில் தேசிய கீதம் பாடும்போது பேசாமல் எழுந்து நில்லுங்கள், அது போதும். நெஞ்சில் கை வைக்கவேண்டியதில்லை. நானே 2009-இல் குடியுரிமை உறுதிமொழியில் ‘சட்டம் கேட்டால் ஆயுதம் ஏந்துவேன்’ என்ற வரி வந்தபோது ஒரு நொடி வாயை மூடிக்கொண்டேன். அப்புறம் சொன்னேன்.

மே மாதக் கடைசித் திங்கள் மெமோரியல் டே. யாருக்கும் ‘ஹேப்பி’ சேர்த்து வாழ்த்துச் சொல்லாதீர்கள், அது இறந்தவர்களுக்கான நாள். உயிரோடு இருப்பவர்களுக்கு நன்றி சொல்வது நவம்பர் 11. அன்றைக்கு நானும் என் மகனும் ஃபோர்ட் சாம் ஹூஸ்டன் கல்லறைத் தோட்டத்துக்குப் போவோம். பெரியவர் இப்போது அங்கேதான் இருக்கிறார். வேண்டுமானால் உங்கள் பையனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். எட்டு மணிக்குள் வந்தால் பார்க்கிங் கிடைக்கும். தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் மறக்காதீர்கள், அங்கே நிழலே கிடையாது.