அப்ரேயுவின் கிளப் கணக்கு

அன்புள்ள ஐயா,

உருகுவே கால்பந்து ஸ்ட்ரைக்கர் செபாஸ்டியன் அப்ரேயு 26 கிளப்புகளுக்கு ஆடி கின்னஸில் ஏறியவர் என்று சென்ற கட்டுரையில் போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். எந்தக் கிளப்பிலும் ஒட்டாத ஒருவரை நல்ல ஆட்டக்காரர் என்று எப்படிச் சொல்வது? ஃபிஃபா விதிகள் இத்தனை தாவலுக்கு இடம் தருகின்றனவா?

க., திருச்சி

அன்புள்ள க.,

அந்த 26, அவர் 2017 டிசம்பரில் சிலியின் ஆடாக்ஸ் இத்தாலியானோவில் சேர்ந்தபோது எடுத்த கணக்கு. 2021ல், 44 வயதில், உருகுவேயின் சுட் அமெரிக்கா கிளப்போடு ஆட்டத்தை நிறுத்தியபோது அது முப்பதைத் தாண்டியிருந்தது. நாடுகள் 11. ஒரு கிளப்பை ஒருமுறைதான் எண்ணுவார்கள். உருகுவேயின் நசியோனாலுக்கு எத்தனை தடவை திரும்பிப் போனாலும் ஒன்றுதான்.

ஒட்டாதவர் என்கிறீர்கள். அவருடைய ஒப்பந்தக் காகிதம் யாரிடம் இருந்தது என்று பாருங்கள். 1998ல் ஸ்பெயினின் டெபோர்டிவோ லா கொருன்யா அவரை அர்ஜென்டினாவின் சான் லொரென்சோவிடமிருந்து வாங்கியது. அங்கே அவர் ஆடியது சில மாதங்கள். பிறகு பிரேசிலின் கிரேமியோ, மெக்சிகோவின் டெக்கோஸ், மறுபடி சான் லொரென்சோ, நசியோனால் என்று போனதெல்லாம் லோன் கணக்கு, அதாவது இரவல். ஆர்.சி. புத்தகம் கொருன்யாவில், வண்டி ஓடியது லத்தீன் அமெரிக்காவில். லோனில் எடுக்கும் கிளப்புக்கு அவருடைய கோல் வேண்டும், ஆனால் முழு விலை கொடுத்து வாங்கக் கையில் காசில்லை. சொந்தக்காரக் கிளப்புக்கோ ஆடவைக்க இடமில்லை, போட்ட விலைக்குக் குறைத்து விற்கவும் மனமில்லை. இந்த இழுபறியில் சீசனுக்கு ஒரு சட்டை சேரும். ஆட்டக்காரரின் சுபாவத்துக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு.

இன்னொன்று நாட்காட்டி. மெக்சிகோவில் 1996லிருந்து வருஷத்தை இரண்டாக வெட்டி இரண்டு சாம்பியன்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆறு மாதத்துக்கொரு முறை அணியைக் கலைத்து அடுக்குவது அங்கே வாடிக்கை. 2002 முற்பாதியில் அப்ரேயு அங்கே க்ரூஸ் அசூலுக்காக 19 கோல் போட்டு அந்தத் தொடரில் அதிக கோலடித்தவர் ஆனார். 2006 முற்பாதியில், பின்னாளில் பயிற்சியாளராகப் புகழ்பெற்ற குவார்டியோலா தன் ஆட்டக்காலத்தின் கடைசியில் வந்து சேர்ந்த டோராடோஸ் அணியில், 11 கோலுடன் மறுபடி முதலிடத்தைப் பகிர்ந்தார். அணி மட்டும் கீழ்ப் பிரிவுக்குத் தரமிறங்கிவிட்டது. தரமிறங்கிய கிளப்பின் அடுத்த வருஷ வரவுசெலவில் அதிக கோலடித்தவரின் சம்பளம் அடங்காது. நன்றாக ஆடியதாலேயே கிளம்ப வேண்டிவரும். அங்கிருந்து மான்டெர்ரேய் போனார்.

பிரேசில் கதை இன்னும் சின்னது. மாநிலப் போட்டிகள் வருஷத் தொடக்கத்தில் மூன்று, நான்கு மாதங்களில் முடிந்துவிடும். அதற்கப்பால் பல சிறு கிளப்புகளுக்குப் பெரிய ஆட்டமே இல்லை. அந்நாட்டுச் சட்டப்படி ஆட்டக்காரர் ஒப்பந்தம் மூன்று மாதத்துக்குக் குறையக் கூடாது. நாற்பது தாண்டிய ஒரு பிரபலத்துக்கும், மைதானத்தில் கூட்டம் வேண்டும் கிளப்புக்கும் அந்த மூன்று மாதம் அளவெடுத்துத் தைத்த மாதிரி. 2017ல் பாங்கு, 2019ல் ரியோ பிராங்கோ இரண்டும் இந்த வகை. கடைசிப் பத்து கிளப்புகளை நான் முதல் இருபதோடு ஒரே தராசில் வைக்க மாட்டேன்.

விதிக்கு வருகிறேன். ஒரு சீசனில் மூன்று கிளப்புகள் வரை பதிவு செய்யலாம், அதிகாரபூர்வ ஆட்டங்கள் இரண்டுக்கு மட்டும்தான். இரு நாடுகளின் சீசன் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டால் மூன்றாவதற்கும் ஆட விலக்கு உண்டு. நாடு மாறும்போது பழைய நாட்டுச் சங்கத்திடமிருந்து சர்வதேச இடமாற்றச் சான்றிதழ் வர வேண்டும். அதுவரை பயிற்சி செய்யலாம், களமிறங்க முடியாது. 2024 வரை சிக்கல் பெரும்பாலும் இங்கேதான் முளைத்தது: ஒப்பந்தம் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று பழைய கிளப் சொன்னால் சான்றிதழ் நிற்கும், அதற்குள் பதிவுக் காலம், அதாவது புது ஆட்டக்காரரைப் பதிய அனுமதிக்கும் நாட்கள், மூடிவிடும். ஒப்பந்தம் அந்தக் காலம் மூடுமுன்பே முடிந்திருந்தால், மூடிய பிறகும் பதிய வழியிருக்கிறது. வயதானவர்கள் சுலபமாகத் தாவுவது அதனால்தான். அவர்களுக்காகப் பணம் கேட்கும் பழைய கிளப் எதுவும் இல்லை.

பணம் கைமாறினால் வளர்த்த கிளப்புகளுக்கும் பங்குண்டு. நாடு மாறும் டிரான்ஸ்ஃபர் தொகையில் 5 சதவீதம், 12 வயது முதல் 23 வயதுவரை அவர் பதிவாகியிருந்த கிளப்புகளுக்குப் போகும். ஒரு கோடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து லட்சம். 12 முதல் 15 வரை வருஷத்துக்கு 25,000, 16 முதல் 23 வரை வருஷத்துக்கு 50,000. லோனுக்குத் தொகை கொடுத்தாலும் இதே கணக்கு. ஒரு வருஷப் பதிவு விடுபட்டால் அந்த வருஷப் பங்கைக் கேட்க ஆதாரம் இருக்காது.

நல்ல ஆட்டக்காரரா என்ற கேள்விக்கு: உருகுவேக்காக 70 ஆட்டம், 26 கோல். 2010 ஜூலை 2, ஜோகன்னஸ்பர்க், உலகக் கோப்பையில் கானாவுடன் காலிறுதி. கூடுதல் நேரமும் 1-1ல் முடிந்து பெனால்டி. 76வது நிமிஷம் கவானிக்குப் பதிலாக இறங்கிய அப்ரேயுவுக்குக் கடைசி உதை. ஓடிவந்த வேகத்தைப் பார்த்தால் பலமாக அடிப்பார் போலிருந்தது. பந்தின் அடியில் பாதத்தை வெட்டி நிறுத்தினார். இந்த உதை கீப்பர் பாய்ந்தால்தான் பலிக்கும். நின்ற இடத்திலேயே நின்றால் பந்து அவர் கையில் தானாக வந்து விழும், உதைத்தவர் மானம் போகும். கானா கீப்பர் கிங்சன் பாய்ந்துவிட்டார். பந்து நடுவில் மெல்ல இறங்கியது. பிரேசிலின் பொட்டாஃபோகோ கிளப்பில் சேர்ந்து அப்போது அவருக்கு ஆறு மாதம்.