மனிதர்களை இன்னும் நம்பலாமா? வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: சில வாரங்களுக்கு முன் அவிநாசி சாலையில், இருசக்கர வாகனத்தில் சென்ற இளைஞர் ஒருவர் லாரி மோதி விழுந்து கிடந்தார். சுற்றிலும் பெருங்கூட்டம். பலர் கைப்பேசியில் படம் எடுத்தார்களே தவிர, ஒருவரும் கிட்டே போகவில்லை. ஆம்புலன்ஸ் வரும் வரை நானும் கையைப் பிசைந்துகொண்டுதான் நின்றேன். அன்றிலிருந்து மனிதர்களைப் பார்த்தாலே வெறுப்பாக இருக்கிறது. ஈவு இரக்கம் என்பதே செத்துவிட்டதா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருப்பூர்.

பதில்: உங்கள் கேள்விக்கான விடையின் பாதி, ‘நானும் கையைப் பிசைந்துகொண்டுதான் நின்றேன்’ என்ற உங்கள் வரியிலேயே இருக்கிறது. இரக்கமில்லாதவர் வாரக்கணக்கில் மனம் புழுங்கி இப்படியொரு கடிதம் எழுதமாட்டார். இரக்கம் இருந்தும் உங்களால் முன்னே போக முடியவில்லை என்றால், உங்கள் பக்கத்தில் நின்றவர்களில் பலருக்கும் அதே தவிப்பு இருந்திருக்கும் என்று ஏன் எண்ணக் கூடாது? படம் எடுத்தவர்களுக்காக நான் வாதாட வரவில்லை. அது பார்க்கச் சகிக்காத செயல்தான். ஆனால் அந்தக் கூட்டம் முழுவதையும் கல்நெஞ்சக்காரர்கள் என்று தீர்த்துவிடுவதற்கு முன், கால்கள் ஏன் நகரவில்லை என்பதையும் கேட்டாக வேண்டும்.

நம் நாட்டில் அதற்கு நெடுங்காலமாக ஒரு காரணம் இருந்துவந்தது. அடிபட்டவரைத் தூக்கிச் சென்றவரிடமே ‘நீதான் இடித்தாயா?’ என்று விசாரிப்பார்கள், மருத்துவமனையில் முன்பணம் கட்டச் சொல்வார்கள், பிறகு சாட்சி சொல்வதற்காக ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படியேற வேண்டும் என்ற அச்சம்தான் அது. ‘நமக்கெதற்கு வம்பு’ என்று ஒதுங்கியவர்களில் கணிசமானோர் அந்த வம்பை நேரில் கண்டவர்கள், அல்லது கண்டவர்களின் வாயால் கேட்டவர்கள்.

1980களில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். ஸ்கூட்டரில் சென்ற ஒருவரைக் கார் இடித்துத் தள்ளியது. அருகிலிருந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது, இது சட்ட வழக்குக்குரிய காயம் என்றும், இத்தகைய காயங்களைப் பார்க்க அனுமதி பெற்ற மருத்துவமனை 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்றும் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். வழியிலேயே அவர் உயிர் பிரிந்தது. நாளிதழில் வந்த இந்தச் செய்தியைப் படித்து, ‘காலம் கெட்டுப்போயிற்று’ என்று உச்சுக்கொட்டிவிட்டுத் தாளை மடித்து வைத்தவர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். பரமானந்த் கட்டாரா என்பவர் மட்டும் அந்தச் செய்தியையே ஆதாரமாக இணைத்து உச்ச நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்தார். அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் உயிரைக் காப்பதே மருத்துவரின் முதல் கடமை, காவல் துறை நடைமுறைகளெல்லாம் அதற்குப் பிறகுதான் என்று 1989இல் தீர்ப்பு வந்தது.

அத்தோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. 2007இல் டெல்லியில், பள்ளியிலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த 17 வயதுச் சிறுவன் ஒருவன் வாகனம் மோதி, உரிய நேரத்தில் உதவி கிடைக்காமல் சாலையோரத்திலேயே இறந்துபோனான். அவனுடைய உறவினரான பியூஷ் திவாரிக்கு மனிதகுலத்தைச் சபிக்க எல்லா நியாயமும் இருந்தது. அவரோ, பார்த்துக்கொண்டு நின்றவர்கள் ஏன் உதவவில்லை என்பதைத் தெரிந்துகொள்ளப் புறப்பட்டு, அடுத்த ஆண்டே சேவ்லைஃப் என்ற அமைப்பைத் தொடங்கினார். அந்த அமைப்பு மக்களிடம் விசாரித்தபோது, உதவத் தயங்குவதாகச் சொன்னவர்களில் பெரும்பாலோர் கூறிய காரணம் காவல் துறை விசாரணையும் நீதிமன்ற அலைச்சலும்தான். அவர்கள் தொடுத்த வழக்கின் விளைவாக, உதவ முன்வருவோரைக் காக்கும் வழிகாட்டு நெறிமுறைகளுக்கு 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சட்டத்துக்குரிய வலுவைக் கொடுத்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134-ஏ என்ற பிரிவே சேர்க்கப்பட்டது. நல்லெண்ணத்தோடு உதவி செய்தவர் மீது உரிமையியல் வழக்கோ குற்றவியல் வழக்கோ இனித் தொடுக்க முடியாது. விருப்பமில்லையென்றால் அவர் தம் பெயரைக்கூடச் சொல்லாமல் மருத்துவமனையிலிருந்து புறப்பட்டுவிடலாம். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தின்படி, சாலை விபத்தில் காயமடைந்தவருக்குத் திட்டத்தில் சேர்ந்துள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை, வகுக்கப்பட்ட வரம்புக்குள் அரசே ஏற்கிறது. அந்தக் கூட்டத்தில் எத்தனை பேருக்கு இவையெல்லாம் தெரிந்திருக்கும்? உங்களுக்குத் தெரிந்திருந்ததா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் லங்காஸ்டர், நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம், தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் ஆகிய நகரங்களில் கண்காணிப்புக் கேமராக்களில் பதிவான 219 தெருச் சண்டைகளை ஆய்வாளர்கள் உட்கார்ந்து பார்த்து, 2019இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பத்தில் ஒன்பது சண்டைகளில், சம்பந்தமில்லாத வழிப்போக்கர் ஒருவராவது இடையில் புகுந்து விலக்கிவிடவோ ஆறுதல் சொல்லவோ முயன்றிருக்கிறார். கூட்டம் பெரிதாக இருந்த இடங்களில் யாரேனும் ஒருவர் முன்வரும் வாய்ப்பும் கூடுதலாகவே இருந்திருக்கிறது. யாரும் உதவாத நிகழ்வு நம் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிடுகிறது. யாரோ ஒருவர் வந்து விலக்கிவிட்ட ஒன்பது நிகழ்வுகளை வீட்டுக்கு வந்து யாரிடமும் சொல்வதுகூட இல்லை.

அடுத்த முறை இப்படி நேர்ந்தால், முதலில் 108ஐ அழையுங்கள். பின்னால் வரும் வண்டிகளை நிறுத்த ஒருவரைச் சாலையில் நிற்க வையுங்கள். இரத்தம் கொட்டும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். கழுத்திலோ முதுகெலும்பிலோ அடிபட்டிருக்கக்கூடும் என்பதால், அவசியமின்றி அவரைத் தூக்கவோ புரட்டவோ வேண்டாம். ஆம்புலன்சுக்காகக் காத்திருப்பது குற்றமில்லை. அருகே மண்டியிட்டு, ‘தம்பி, வண்டி வந்துகொண்டிருக்கிறது’ என்று சொல்லிக்கொண்டே காத்திருங்கள்.

கேள்வி: என் மகள் கல்லூரியில் சேர்ந்து வெளியூர் விடுதிக்குப் போகிறாள். ‘யாரையும் நம்பாதே, எல்லோரும் சுயநலக்காரர்கள்தான்’ என்று சொல்லி அனுப்பினேன். அதைக் கேட்டு அவள் முகம் சுருங்கிவிட்டது. நான் சொன்னது தவறா?
- வாசகி, நாகர்கோவில்.

பதில்: ‘எச்சரிக்கையாக இரு’ என்பதோடு நிறுத்தியிருக்கலாம், அம்மா. பின்பாதி உண்மைக்கு மாறானது என்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

40 நாடுகளைச் சேர்ந்த 355 நகரங்களில் நடத்தப்பட்ட ஒரு சோதனையின் முடிவுகள் 2019இல் வெளியாயின. இந்தியாவும் அந்நாடுகளில் ஒன்று. ஆய்வுக் குழுவினர் வங்கி, அஞ்சலகம், திரையரங்கு, தங்கும் விடுதி போன்ற இடங்களுக்குச் சென்று, ‘இது தெருவில் கிடந்தது, உரியவரிடம் சேர்த்துவிடுங்கள்’ என்று சொல்லி, உள்ளிருப்பது வெளியே தெரியும் பணப்பை ஒன்றை ஊழியரிடம் கொடுத்துவிட்டு வந்துவிடுவார்கள். உள்ளே ஒரு சாவி, மளிகைப் பட்டியல், மின்னஞ்சல் முகவரியுள்ள முகவரி அட்டைகள் ஆகியவை இருக்கும். சிலவற்றில் பணமும் இருக்கும், சிலவற்றில் இருக்காது. இப்படி 17,000க்கும் மேற்பட்ட பைகள் கொடுக்கப்பட்டன. பணம் இருந்தால் திரும்பி வராது என்றுதான் நீங்களும் நானும் நினைப்போம். பொருளியல் வல்லுநர்களாலும் முடிவைச் சரியாகக் கணிக்க முடியவில்லை. பணமில்லாத பைகளில் நூற்றுக்கு 40க்கும், பணமுள்ள பைகளில் நூற்றுக்கு 51க்கும் உரியவரைத் தேடித் தகவல் வந்தது. மூன்று நாடுகளில் பணத்தை ஏழு மடங்காக்கிப் பார்த்தபோது அது 72 ஆக உயர்ந்தது. சாவியால் எடுத்தவருக்கு ஒரு பயனும் இல்லை, இழந்தவருக்கோ அது வீட்டுக் கதவு. சில பைகளைச் சாவி வைக்காமலும் கொடுத்துப் பார்த்தார்கள். சாவி வைத்த பைகள் அவற்றைவிடக் கூடுதலாகத் திரும்பின. முகம் தெரியாத ஒருவர் வீட்டு வாசலில் திண்டாடுவாரே என்ற எண்ணம், யாரும் கேட்கப்போவதில்லை என்று தெரிந்திருந்தும் அவர்களுக்கு வந்திருக்கிறது.

ஏறத்தாழப் பாதிப் பைகள் திரும்பவில்லை என்பதையும் நான் மறைக்கவில்லை. அந்தப் பாதிக்காகத்தான் உங்கள் மகளுக்கு எச்சரிக்கை தேவைப்படுகிறது. இரவில் தனியாக எங்கே போகக் கூடாது, பணம் கேட்டு வரும் அழைப்பை எப்படித் துண்டிப்பது, ஆபத்தென்றால் பெண்களுக்கான உதவி எண்ணான 181ஐ அழைப்பது என்று குறிப்பாகச் சொல்லிக்கொடுங்கள். எல்லோரையும் சந்தேகிக்கப் பழகிய பெண், காய்ச்சலில் கிடக்கும்போது அறைத்தோழியை எழுப்பி ஒரு குவளை வெந்நீர் கேட்கக்கூடத் தயங்குவாள் என்பதுதான் என் கவலை.

கேள்வி: போரில் உறவுகளை இழந்தவள் நான். இன்றும் உலகெங்கும் குழந்தைகள் கொல்லப்படும்போது, மனிதர்கள் மீது நம்பிக்கை வைப்பது இறந்தவர்களுக்குச் செய்யும் துரோகமாகத் தோன்றுகிறது.
- வாசகி, யாழ்ப்பாணம்.

பதில்: உங்கள் இழப்புக்கு ஈடாக நான் எதையும் எடுத்துவைக்க முடியாது, அந்த எண்ணத்தோடு இதை எழுதவும் இல்லை. உங்கள் கோபம் நியாயமானது, அதைக் கைவிடச் சொல்ல எனக்கு உரிமையில்லை. அந்தக் கோபத்துக்கு அருகிலேயே வைத்துக்கொள்ளக்கூடிய ஒரு செய்தி மட்டும் உண்டு. எல் சால்வடோரில் உள்நாட்டுப் போர் உக்கிரமாக நடந்த 1985இல், யுனிசெஃபும் கத்தோலிக்கத் திருச்சபையும் இரு தரப்போடும் பேசி, அந்த ஆண்டில் மூன்று நாள்கள் துப்பாக்கிகளை மௌனமாக்கின. தட்டம்மை, போலியோ உள்ளிட்ட நோய்களுக்கான தடுப்பூசிகள் ஊர் ஊராகக் கொண்டுசெல்லப்பட்டுக் குழந்தைகளுக்குப் போடப்பட்டன. 1990களில் இலங்கையிலும் போலியோ சொட்டு மருந்துக்காக இப்படி அமைதி நாள்கள் கடைப்பிடிக்கப்பட்டதை நீங்கள் நேரிலேயே அறிந்திருக்கக்கூடும். அந்த நாள்கள் போரை நிறுத்திவிடவில்லை. ஆனாலும் எல் சால்வடோரில், 1992இல் சமாதான உடன்படிக்கை கையெழுத்தாகும் வரை, ஒவ்வோர் ஆண்டும் இரு தரப்பிடமும் மறுபடி பேசி அந்த நாள்களைக் கேட்டு வாங்கிக்கொண்டே இருந்தார்கள்.