5.5 லிட்டர் பிடிக்க வேண்டியது 3.5 லிட்டரில் நிரம்பியது ஏன்?

கேள்வி: ஐயா, மாமனாரின் தரைவீட்டில் வைத்து என் காரின் கூலண்டை, அதாவது என்ஜினைக் குளிர்விக்கும் திரவத்தை, நானே மாற்றினேன். பழையதை வடித்து, குழாய்த் தண்ணீரால் மூன்று தடவை அலசி, கடையில் விற்கும், தண்ணீர் பாதிக்குப் பாதி கலந்த கூலண்டை ஊற்றினேன். கையேட்டில் 5.5 லிட்டர் என்றிருக்கிறது, ஆனால் 3.5 லிட்டரிலேயே நிரம்பிவிட்டது. மறுநாள் சிடிஇ விரைவுச்சாலை நெரிசலில் வெப்பமுள் ஏறியது. ரேடியேட்டர் போய்விட்டதா?
- ஈசூன் வாசகர்

பதில்: ரேடியேட்டரைச் சந்தேகிப்பதற்கு முன் அந்த 2 லிட்டரைத் தேடுவோம். கீழே உள்ள வடிகுழாயைத் திறந்தால் ரேடியேட்டர்தான் காலியாகும். என்ஜினுக்குள் சுற்றிவரும் பாதையில் நீங்கள் அலசிய தண்ணீர் அப்படியே தங்கிவிடும், போதாததற்குக் காற்றும் அடைத்துக்கொள்ளும். நெரிசலில் முள் ஏறியதற்குப் பெரும்பாலும் அந்தக் காற்றுதான் காரணம். 3.5 லிட்டர் கலவையில் அசல் கூலண்ட் 1.75 லிட்டர்தான், அது உள்ளே கிடந்த தண்ணீரோடு சேர்ந்தபோது மூன்றில் ஒரு பங்குகூட இல்லாமல் போய்விட்டது.

அதனால் மறுபடி செய்யுங்கள், என்ஜின் நன்றாக ஆறிய பிறகு. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியில் கை வைக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தால்தான் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் இருக்கிறது, திறந்த நொடியில் முகத்தில் அடிக்கும்.

இந்த முறை டிஸ்டில்ட் வாட்டரால் அலசுங்கள். பிறகு தண்ணீர் கலக்காத கூலண்டை மொத்தக் கொள்ளளவில் பாதி, அதாவது 2.75 லிட்டர், முதலில் ஊற்றிவிட்டு மீதி இடத்தை டிஸ்டில்ட் வாட்டரால் நிரப்புங்கள். உள்ளே தங்கிய தண்ணீரும் சேர்ந்து கணக்கு சரியாகிவிடும். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், நிறத்துக்குப் பொது விதி கிடையாது. கையேட்டில் சொன்ன வகையா என்று போத்தலில் படித்துப் பாருங்கள்.

காற்றை வெளியேற்றுவதில்தான் பலருக்குப் பொறுமை போய்விடுகிறது. மூக்கு மேலே இருக்கும்படி வண்டியைச் சரிவில் நிறுத்தி, ஆறிய நிலையிலேயே மூடியைக் கழற்றிவிட்டு என்ஜினை ஓடவிடுங்கள். ரேடியேட்டரின் மேல் ஹோஸை அவ்வப்போது துணி சுற்றிப் பிடித்து அமுக்கினால் ரேடியேட்டர் வாயில் குமிழிகள் குபுக் குபுக்கென்று வரும். 80 டிகிரி தாண்டியதும், சூட்டுக்கேற்பக் கூலண்டின் வழியைத் திறக்கும் வால்வான தெர்மோஸ்டாட் திறக்கும், அந்த ஹோஸ் சட்டென்று சூடாகும், மட்டம் இறங்கும், அப்போது ஊற்றுங்கள். விசிறி இரண்டு முறை ஓடி நிற்கும்வரை காத்திருங்கள். ஹீட்டரை முழுதாகத் திருப்பச் சொல்லும் காணொளிகளைப் பார்த்திருப்பீர்கள், இங்கே விற்கும் பல கார்களில் ஹீட்டரே கிடையாது. உங்கள் வண்டியில் இருந்தால் திருப்புங்கள். மறுநாள் காலை மட்டத்தை இன்னொரு தடவை பார்த்துவிடுங்கள்.

இதற்குப் பிறகும் நெரிசலில் ஏறி, வேகமாகப் போனால் இறங்குகிறது என்றால் விசிறியைப் பாருங்கள். கூலண்ட் குறைந்துகொண்டே போய், என்ஜின் எண்ணெயும் பால்போல வெளுத்திருந்தால் ஓட்டாதீர்கள், பட்டறைக்கு இழுத்துச் செல்லச் சொல்லுங்கள்.

அப்புறம், வடித்த பழைய கூலண்டையும் அலசிய தண்ணீரையும் என்ன செய்தீர்கள்? நீங்கள் எழுதவில்லை, எனக்கு அதுதான் கவலை. சிங்கப்பூர் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி, வீட்டெதிர்ச் சாக்கடையில் விடுவது நீர்த்தேக்கத்துக்குப் போகலாம். கூலண்டில் உள்ள எத்திலீன் கிளைகால் இனிக்கும், நஞ்சு. தரையில் தேங்கியதைப் பூனை நக்கினால் அதன் சிறுநீரகம் போய்விடும். தட்டில் பிடித்துப் போத்தலில் அடைத்து, கழிவு எண்ணெய் சேகரிக்கும் பட்டறையில் கேட்டுக் கொடுங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார் நிறுத்துமிடத்தில் இந்த வேலையே வேண்டாம்.

கேள்வி: நம் ஊரில் பனியா பெய்கிறது? கூலண்டுக்குப் பதில் வெறும் தண்ணீர் போதாதா?
- ஜூரோங் வாசகர்

பதில்: போதாது. கூலண்ட் உறையாமல் காப்பது இங்கே உதவாதுதான், ஆனால் அலுமினியம் அரிக்காமலும் நீர்ப்பம்பு கெடாமலும் பார்த்துக்கொள்வது அதிலுள்ள சேர்மங்கள்தான், கொதிநிலையும் கூடுகிறது. வழியில் கசிந்து வேறு வழியில்லையென்றால் தண்ணீர் ஊற்றி வீடு வந்து சேருங்கள், அந்த வாரமே வடித்து மாற்றிவிடுங்கள்.